வாங்கிய விலைக்குக் கீழே

அன்று கடையில் இருந்தவர்கள்: என் தம்பி, தம்பி மகன் சின்னவன், சின்னவனின் மனைவி, எங்கள் அளவுக்காரர், கல்லாவில் நான். இடையில் வாடிக்கையாளர் ஒருவர் வந்து போனார். நடக்க வேண்டியது நடந்து முடியும் வரை வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். நடந்ததைப் பற்றி இப்போது வாய் ஓயாமல் பேசுகிறவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

எங்களுடையது ஷூ கடை. அப்பா தொடங்கியது. அவர் காலத்திலிருந்தே ஒரே விலை. பேரம் கிடையாது, தள்ளுபடி கிடையாது. "நேத்து முழு விலை குடுத்தவனை இன்னைக்கு ஏமாளி ஆக்கக் கூடாது" என்பார். விற்காத ஜோடி பரணுக்குப் போகுமே தவிர பாதி விலைக்குப் போகாது. தெருவில் மற்றக் கடைகள் எல்லாம் சிவப்பு எழுத்தில் கூவியபோதும் எங்கள் கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியதில்லை.

நோய் வந்து ஊரை அடைத்தார்கள். ஷட்டரை இறக்கினோம். திறக்கலாம் என்று சொன்ன அன்றே திறந்தோம். வாசலில் கைக்கு மருந்து, தரையில் தள்ளி நிற்க வட்டங்கள், எல்லாம் முறையாகச் செய்தோம். வட்டங்களில் நிற்கத்தான் ஆள் வரவில்லை.

அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு உண்மை வெளியே வந்திருந்தது. நோய்க்கு முன்பே விற்ற கிளைக் கடையின் பணம் வங்கியில் பத்திரமாக இருக்கிறது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். தம்பி அதைப் பங்குச் சந்தையில் போட்டிருந்தான். அதுவும் ஒரே கம்பெனியில். எங்களுக்கு ஷூ அனுப்புகிற அதே கம்பெனி. "ஷூ தெரிஞ்சவனுக்கு ஷூ கம்பெனி தெரியாதா?" என்பது அவன் நியாயம்.

ஊர் அடைத்தபோது அந்தப் பங்கு பாதாளத்துக்குப் போனது. பிறகு, கடைகளில் ஈ ஓட்டிய மாதங்களில், காரணம் தெரியாமல் மெல்ல மெல்ல மேலே ஏறியது. அன்று பிற்பகல் கம்பெனி தன் காலாண்டுக் கணக்கை வெளியிடுவதாக இருந்தது.

வாடிக்கையாளர்கள் காத்திருக்கும்போது பார்ப்பதற்கென்று மாட்டிய டிவி ஒன்று உண்டு. காத்திருக்க யாரும் இல்லாததால் தம்பி அதைத் தனதாக்கிக்கொண்டான். கடை திறந்ததும் அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவான்.

"அப்பா, இப்ப வித்துடலாம்," என்றான் சின்னவன். "வாங்கின விலைக்குக் கிட்ட வந்துடுச்சு."

"கிட்டதான் வந்திருக்கு. வரல."

"கொஞ்சம்தானே குறையுது?"

"இந்தக் கடையில யாராவது கொஞ்சம் குறைச்சுக் கேட்டா குடுக்கிறோமா?"

"அது ஷூப்பா. இது பங்கு."

"எதுவா இருந்தா என்ன? வாங்கின விலைக்குக் கீழ விக்கிற பழக்கம் நம்ம குடும்பத்துல இல்ல."

நான் கல்லாவிலிருந்து ஆமோதித்துத் தலையை அசைத்தேன். அவன் குரல் அப்படியே அப்பா குரலாக இருந்தது.

சின்னவன் என் பக்கம் திரும்பினான். "அத்தை, நீங்களாவது சொல்லுங்க. பங்கை வித்துட்டு, மாடியில நிக்கிற ஷூவைப் பாதி விலைக்குத் தள்ளிட்டு, வீட்டுச் செருப்பு இறக்குவோம். ஜனங்க இப்ப வாங்குறது அது ஒண்ணுதான். இல்லேன்னா அடுத்த மாசம் ஷட்டரைத் தூக்க வழியில்ல."

கடை நிற்குமா நிற்காதா என்பதுதான் பேச்சு. அவன் அதை மெதுவாகச் சொன்னான். மெதுவாகச் சொன்னதால் பாரம் குறையவில்லை.

அவன் மனைவி 'பாதி விலை' என்று வீட்டில் எழுதிக்கொண்டு வந்த பலகை கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றது. திருப்பி வைத்தது நான்.

"பலகை மாட்டுனா சரக்கு போகும். கூடவே பேரும் போகும்," என்றேன்.

"பேரு இருக்கட்டும் அத்தை," என்றாள் மருமகள். "அந்தப் பேரைப் படிக்கவாவது யாராச்சும் வாசல் பக்கம் வரணுமில்ல?"

ஓட்டலில் வரவேற்பு மேசையில் நின்றவள் அவள். ஓட்டல் மூடியதும் எங்கள் கடைக்கு வந்தாள். எதையும் சிரித்த முகமாகவே சொல்லிப் பழகியவள். முகக்கவசம் பாதி முகத்தை மறைத்திருந்ததால் அன்று சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "அக்கா, மார்க்கெட்டு இன்னைக்கப் பாக்காது. ஆறு மாசம் தள்ளிப் பாக்கும். ஜனங்க வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த ஆசையெல்லாம் சேத்து வெச்சு ஒரு நாள் கொட்டப் போறாங்க. அதான் ஏறுது."

"ஆறு மாசம் தள்ளிப் பாக்கிற கண்ணுக்கு ஆறடி தள்ளி இருக்கிற வாசல் தெரியலையாக்கும்."

டிவியில் கோட்டு போட்ட ஒருவர், நுகர்வோர் நம்பிக்கை திரும்பிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எந்தத் தெரு வழியாகத் திரும்புகிறது என்று சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

நாங்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்தோம். வந்தவர் மிரண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

நடுவயதுக்காரர். இஸ்திரி போட்ட சட்டை, காலில் ரப்பர் செருப்பு. அவருடைய அப்பா எங்களிடம்தான் ஷூ வாங்குவாராம். கறுப்பு ஷூ, கயிறு கட்டுவது, ஒரு ஜோடி வேண்டும் என்றார்.

அளவுக்காரர் கால் அளக்கும் இரும்புத் தட்டை மருந்து போட்டுத் துடைத்து அவர் பாதத்தடியில் வைத்தார். அப்பா காலத்து ஆள். கால் பார்த்துச் சைஸ் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்றாலும், தட்டு வைக்காமல் சொல்லமாட்டார். அது கடையின் முறை.

"சார், பழைய சைஸ் பத்தாது. கால் அகலமாயிருக்கு."

"நான் ஒண்ணும் குண்டாகலையே?"

"மாசக்கணக்கா வெறுங்காலோட இருந்தா எல்லாருக்கும் இப்படித்தான். என் காலும் பரந்துடுச்சு."

தம்பி நாற்காலியிலிருந்து துள்ளித் திரும்பினான். "பாத்தியா? ஊர்ல ஒருத்தன் காலுக்கும் பழைய ஷூ நுழையாது. அத்தனை பேரும் புதுசு வாங்கியாகணும். இதைத்தான் மார்க்கெட்டு முன்கூட்டியே பாத்துடுச்சு."

"வெளிய போனாத்தானே ஷூ," என்று சின்னவன் முணுமுணுத்தான்.

வாடிக்கையாளர் புது ஷூவைப் போட்டுக் கண்ணாடி முன் நடந்தார். போனார், வந்தார். "இன்டர்வியூ இருக்கு," என்றார், யாரும் கேட்காமலே. "பழைய வேலை போயிடுச்சு."

"எங்க சார் ஆபீஸ்?" என்றாள் மருமகள்.

"ஆபீஸ் எங்கயோ இருக்கு. இன்டர்வியூ கம்ப்யூட்டர்லதான். நான் வீட்டுல, அவங்க அவங்க வீட்டுல."

கம்ப்யூட்டரில் பேசுகிறவருக்கு இடுப்புக்கு மேலேதான் தெரியும். சட்டைக் கடைக்காரன் பிழைத்துக்கொள்வான் என்று நாங்களே எத்தனையோ முறை பேசிச் சலித்தது அது.

அவரே சொன்னார்: "கால் தெரியாதுதான். ஆனா ஷூ போட்டாத்தான் எனக்கு நிமிர்ந்து உக்கார வருது."

அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. விலையைச் சொன்னேன். பையைத் திறந்தவர் சற்றுத் தயங்கினார். "உங்க கடையில குறைச்சுக் கேக்க முடியாதுன்னு அப்பா சொல்லியிருக்கார்," என்று சொல்லி, முழு விலையையும் வைத்துவிட்டுப் போனார். சின்னவன் முகத்தை நான் பார்த்தேன். பார்த்துக்கொள், இதுதான் கடை என்று என் கண் சொல்லியிருக்கும்.

அந்தப் பெருமை மதியம் வரை நின்றது.

மாடிப்படி முழுவதும் அட்டைப்பெட்டிகள். ஊர் அடைப்பதற்குச் சற்று முன்னும், திறந்த கையோடும் கம்பெனி அனுப்பியவை. நாங்கள் கேட்டு வந்தவை அல்ல. ஆனாலும் வாசலுக்கு வந்த வண்டியை இந்தக் கடை ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. திருப்பினால், நொடித்துவிட்டோம் என்று தெருவுக்குத் தெரியும். அதனால் தம்பி இறக்கிக்கொண்டான்.

சின்னவன் மாடிக்குப் போய், அடியில் இருந்த பெட்டி ஒன்றைப் பிரித்து ஒரு ஷூவை எடுத்து வந்தான். என் முன்னால் மேசையில் வைத்தான். மேல்தோல் பளபளவென்று இருந்தது. திருப்பி, அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தினான். பழைய ரொட்டி மாதிரி உதிர்ந்தது.

"சும்மா கிடந்தாலே இந்த அடிப்பாகம் மக்கிடும் அத்தை. போட்டு நடந்துக்கிட்டே இருந்தா வருஷக்கணக்கா உழைக்கும். பெட்டிக்குள்ள பூட்டி வெச்சா புழுங்கித் தூளாயிடும். விலை வரட்டும்னு நாம காத்திருக்கோம். இது காத்திருக்காது."

"எல்லாமே இப்படியா?"

"அடியில இருந்த பெட்டியில நிறைய. மேல இருக்கிறது இன்னும் நல்லாத்தான் இருக்கு. இன்னும் எத்தனை நாள்னு தெரியல."

எனக்குச் சட்டென்று காலையில் வந்தவர் நினைவு வந்தது. "அந்த சார் நம்பர் இருக்கில்ல?" என்று மருமகளிடம் கேட்டேன். "வாங்கின ஜோடியைக் கொண்டு வரச் சொல்லு. வளைச்சுப் பாத்துக் குடுக்கணும்."

தம்பி தூளை விரலால் தொட்டுப் பார்த்தான். "கம்பெனிக்குப் போன் போடு. திருப்பி எடுத்துக்கட்டும்."

சின்னவன் கம்பெனியின் விற்பனை ஆளைப் பிடித்தான். எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டான்.

"சார், வித்த சரக்கு வித்ததுதான்," என்றது போன்.

"நாங்க எங்க வித்தோம்? மாடிப்படியில நடக்க வழியில்லாம நிக்குது."

"நீங்க விக்கல சார். நாங்க உங்களுக்கு வித்துட்டோம். இந்தக் காலாண்டுக் கணக்குல ஏத்தியாச்சு."

"கேக்காத சரக்கை அனுப்பிட்டு வித்துட்டேன்னா?"

"எல்லாக் கடைக்கும்தான் சார் அனுப்பினோம். மேலேருந்து உத்தரவு. வேணாம்னு வண்டியைத் திருப்பியிருக்கலாமே நீங்க. இறக்கிக்கிட்டீங்களே."

சின்னவன் போனை வைத்துவிட்டான்.

பிறகு தம்பியின் முகம் மெல்ல மலர்வதைப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

"அப்ப கணக்கு நல்லா வரும்," என்றான்.

"என்ன சொன்னே?"

"எல்லாக் கடைக்கும் தள்ளியிருக்கான் அக்கா. விற்பனை ஏறினதாத்தான் காட்டுவான். மத்தியானம் கணக்கு வரட்டும். பங்கு ஏறும்."

"ஏறும்னு சொல்ற விற்பனை உன் மாடிப்படியில உக்காந்திருக்குடா."

"அது நமக்குத் தெரியும். மார்க்கெட்டுக்குத் தெரியாதில்ல?"

அப்பா இருந்திருந்தால் அந்த வார்த்தைக்கு அவனை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருப்பார். நான் நிறுத்தவில்லை. கடை நிற்க வேண்டுமே என்று எனக்கும் உள்ளே ஒரு ஓரத்தில் ஆசை எரிந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். எரிவது சொந்த வீடு என்பதை மறந்துவிடுவோம்.

பிற்பகல் கணக்கு வந்தது.

விற்பனை கூடியிருக்கிறது என்று டிவியில் ஓடியது. இந்த நெருக்கடியிலும் மக்கள் ஷூ வாங்கத் தொடங்கிவிட்டார்கள் என்று கோட்டுக்காரர் வியந்தார். பங்கு விலை எண் பச்சையாக மாறி மேலே போனது. தம்பி எழுந்து நின்றான். சின்னவன் அவன் தோளுக்குப் பின்னால். எண் ஒருமுறை நின்று, மறுபடி ஏறி, தம்பி வாங்கிய விலையைத் தொட்டது.

"வந்துடுச்சு அப்பா. நீங்க சொன்ன விலை வந்துடுச்சு. குடுங்க போனை."

தம்பி போனைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

"அப்பா."

"வாங்கின விலைக்கே எந்தக் கடைக்காரன்டா விப்பான்?" என்றான் தம்பி. "இத்தனை மாசம் பிடிச்சு வெச்சிருக்கோம். மேல கொஞ்சமாவது வெக்க வேணாமா?"

"மாமா, குடுத்துடுங்க மாமா," என்றாள் மருமகள். அவள் குரல் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. "ஓட்டல்ல நாங்களும் அடுத்த மாசம் அடுத்த மாசம்னுதான் இருந்தோம்."

"ஒரு நிமிஷம் பொறும்மா."

அந்த ஒரு நிமிடத்தில் கம்பெனித் தலைவர் டிவியில் வந்தார். வரும் மாதங்கள் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். அவர் தண்ணீர் குடித்தார். எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை, கடைகளில் சரக்கு தேங்கி நிற்கிறது, மக்கள் கையை இறுக்கிக்கொண்டிருக்கிறார்கள், சில காலம் புதிதாக எதையும் அனுப்பப் போவதில்லை என்றார்.

எண் சிவப்பானது. தம்பி போனை அழுத்தத் தொடங்கினான். விரல் அவசரத்தில் தப்புத் தப்பாக விழுந்தது. சின்னவன் பிடுங்கி அழுத்தினான். எண் இறங்கியது, இறங்கியது, ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிட்டது.

"ஏன் நிக்குது?" என்றேன்.

"ஒரு நாள்ல இதுக்கு மேல இறங்க விடமாட்டாங்க அத்தை. பூட்டிட்டாங்க."

"அப்ப இந்த விலைக்காவது வித்துடு."

"விக்க எல்லாரும் நிக்கிறாங்க. வாங்க ஆளில்ல."

காலையிலிருந்து நான் வாசலைக் காட்டி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை அப்போது வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தம்பி டிவியை நிறுத்தினான். வாடிக்கையாளர்கள் உட்காரும் குட்டை ஸ்டூலில், கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்தான். குனிந்து தன் ஷூவின் கயிற்றை அவிழ்த்தான். ஒன்றைக் கழற்றினான், மற்றதைக் கழற்றினான். காலுறையையும் உருவினான். கடையில் அவனை வெறுங்காலோடு நான் பார்த்ததே இல்லை. ஷூக்காரன் காலைத்தான் ஜனங்கள் முதலில் பார்ப்பார்கள் என்று அப்பா சொல்வதுண்டு.

கழற்றிய ஜோடியைத் துடைத்து, கண்ணாடி அலமாரியில் விற்பனைக்கு வைப்பது போல் ஒன்றையொன்று ஒட்டி நேராக வைத்தான். பிறகு மேசையிலிருந்த அந்த உதிர்ந்த ஷூவை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து, வெயிலில் இறங்கி நடந்தான்.

எதிர்க்கடை மருந்துக்காரி எட்டிப் பார்த்தாள். கடிகாரக் கடைக்காரர் வெளியே வந்தார். என் தம்பி வெறுங்காலோடு, கையில் ஒற்றை ஷூவோடு, தெரு நடுவில் போய்க்கொண்டிருந்தான். பின்னால் கறுப்புத் தூள் சிந்திக்கொண்டே போனது.

சின்னவன் பாய்ந்தான்.

"ஓடாதே," என்றேன். "தெரு பாக்குது."

"அத்தை, அவர் என் அப்பா."

"அதனாலதான் சொல்றேன். மருமக போகட்டும். நடந்து போகட்டும்."

அவள் ஏற்கெனவே அலமாரியைத் திறந்திருந்தாள். மாமனாரின் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, சற்றும் வேகம் காட்டாமல், ஏதோ வாடிக்கையாளர் மறந்துவிட்டுப் போனதைக் கொடுக்கப் போகிறவள் போல் நடந்தாள். ஓட்டல் வேலை வீண் போகவில்லை.

சின்னவன் மாடிப்படியில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அளவுக்காரர் மேசையிலிருந்த தூளைத் துணியால் கூட்டி எடுத்தார். எடுத்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

போன் வந்தது. மருமகள்.

"அத்தை, மாமா பெரிய தெருவுல இருக்கிற அந்த ஷூ கம்பெனி ஆபீஸ் வாசல்ல நிக்கிறாங்க. காவலாளி உள்ள விடமாட்டேங்கிறான். கொண்டு வந்த ஷூவைப் போட்டுக்கச் சொன்னா போட்டுக்க மாட்டேங்கிறாங்க."

"என்ன சொல்றான்?"

"அந்த உடைஞ்ச ஷூவை நீட்டிக்கிட்டு, ஒண்ணே ஒண்ணுதான் சொல்றாங்க. 'இது வித்தது இல்ல'ன்னு. திரும்பத் திரும்ப அதையேதான். கூட்டம் சேருது அத்தை."

போனை வைத்துவிட்டுச் சின்னவனைக் கூப்பிட்டேன். "போடா."

"கடை?"

"நான் செத்துட்டேனா? போ. இப்ப ஓடலாம்."

அவன் ஓடினான். கடையில் நானும் அளவுக்காரரும் மிஞ்சினோம்.

கல்லாவில் உட்கார்ந்து கடையைப் பார்த்தேன். வரிசை வரிசையாகப் பளபளக்கும் ஷூக்கள். உள்ளே எது கல், எது தூள் என்று வெளியிலிருந்து தெரியாது. வெளியே காட்டுவதற்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவே வித்தியாசம் வராமல் காப்பதுதான் கௌரவம் என்று நினைத்தே இத்தனை காலம் இருந்திருக்கிறேன். அன்று எங்கள் கௌரவம், கேட்காத சரக்கை இறக்க வைத்தது. கைக்கு வந்த விலையை விட வைத்தது. என் தம்பியை இன்னொருவன் வாசலில் வெறுங்காலோடு நிறுத்தியிருந்தது. இதற்கு மேலும் அதைக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்தால் அதுவும் தூளாகத்தான் கொட்டும்.

எழுந்து போய்க் கதவுக்குப் பின்னாலிருந்த பலகையைத் திருப்பினேன்.

அளவுக்காரர் பதறினார். "அம்மா, வேணாம்மா. பெரியவர் இருந்த இடம்."

"ஸ்டூலைப் பிடிங்க."

"அப்ப நான் மாட்டுறேன். நீங்க ஏறாதீங்க."

"நீங்க மாட்டினா, ஆளில்லாத நேரம் பாத்து வேலைக்காரர் மாட்டிட்டாருன்னு சொல்லுவாங்க. பிடிங்க."

பரணிலிருந்து பெட்டி எடுக்கும் உயர ஸ்டூல் அது. நான் ஏறினேன். மருந்துக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள். நன்றாகப் பார்க்கட்டும் என்று பலகையைக் கோணல் இல்லாமல் இரண்டு முறை சரிசெய்தேன்.

"ஒண்ணு கேளுங்க," என்றேன் அளவுக்காரரிடம். "ஒவ்வொரு ஜோடியையும் வாங்குறவங்க கண் முன்னால வளைச்சுப் பாத்துத்தான் குடுக்கணும். உதிர்றதை இனாமாக்கூடக் குடுக்கக் கூடாது."

"அப்படியே செய்றேம்மா."

ஆள் வந்தது. முதலில் ஒரு தம்பதி, பிறகு ஒரு நர்ஸ், பிறகு முகம் தெரியாத யார் யாரோ. நோய் வந்த பிறகு முதல்முறையாகத் தரையிலிருந்த வட்டங்களில் மனிதர்கள் நின்றார்கள். ஷூவை எடுத்துப் பார்த்தார்கள். விலையைக் கேட்டார்கள். பாதி விலையும் அதிகம் என்று பாதிப் பேர் வைத்துவிட்டுப் போனார்கள். வாங்கியவர்களும் தேவைக்கு வாங்கினார்களே தவிர, ஆசைக்கு யாரும் வாங்கவில்லை. அடைத்து வைத்த ஆசை கொட்டும் என்றானே தம்பி, அதன் ஒரு துளியையும் நான் அங்கே காணவில்லை.

வட்டத்தில் கடைசியாக, கையில் எங்கள் கடைப் பையோடு ஒருவர் நின்றார். காலையில் வந்தவர். அவருக்குப் போன் செய்யச் சொன்னதையே மறந்துவிட்டிருந்தேன்.

அவர் பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஏமாளி ஆக்கக் கூடாது என்று அப்பா யாரைச் சொன்னாரோ, அவர் என் முன்னால் நின்றார்.

அளவுக்காரர் அவருடைய ஜோடியை வாங்கி வளைத்துப் பார்த்தார். "இது நல்ல ஜோடி சார். உறுதியா இருக்கு."

நான் கல்லாவைத் திறந்து பாதியை எடுத்து மேசையில் வைத்தேன். "இது உங்களோடது."

அவர் மறுப்பார் என்று நினைத்தேன். நல்ல குடும்பம், அப்பா காலத்து உறவு, இருக்கட்டும்மா என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. எடுத்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்து, மேலே கையால் ஒருமுறை அழுத்திக்கொண்டார்.

"இன்டர்வியூ எப்ப?" என்றேன்.

"முடிஞ்சுடுச்சும்மா. மத்தியானம். ஷூ போட்டுக்கிட்டுத்தான் உக்காந்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஆறு மாசம் கழிச்சு நிலைமை எப்படி இருக்குன்னு பாத்துட்டுச் சொல்றாங்களாம்."

பையை எடுத்துக்கொண்டு போனார். நிமிர்ந்துதான் போனார்.

பொழுது சாயும் நேரம் சின்னவன் போன் செய்தான். கூட்டம் பெரிதாகிவிட்டதாம். கடைசியில் மேலேயிருந்து யாரோ இறங்கி வந்து, தம்பியை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் போய்விட்டார்களாம்.

"என்ன பேசுறாங்க?"

"தெரியல அத்தை. கதவைச் சாத்திட்டாங்க. அப்பா போன் என்கிட்டதான் இருக்கு. ஷூ அவ கையில இருக்கு."

"வெறுங்காலோடயா உள்ள போனான்?"

"வெறுங்காலோடதான்."

"நீங்க ரெண்டு பேரும் அந்த வாசலை விட்டு நகரக் கூடாது," என்று சொல்லி வைத்தேன். அளவுக்காரரை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஷட்டரையும் இறக்கவில்லை. விளக்கைப் போட்டுவிட்டுக் கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. விளக்குப் போட்ட சற்று நேரத்துக்குள்ளேயே கடிகாரக் கடைக்காரர் வந்து, அக்கறையாக விசாரிப்பது போல் விசாரித்தார். மகன் பெற்ற அப்பனை வெறுங்காலோடு விரட்டிவிட்டு, பெரியவர் காலத்துக் கடையில் தள்ளுபடிப் பலகை மாட்டிவிட்டான் என்று தெரு முழுக்கப் பேச்சாம்.

தவறு. என் தம்பியை யாரும் விரட்டவில்லை. பலகை ஏறியபோது சின்னவன் கடையிலேயே இல்லை. மாட்டியது நான்.